புழு மருந்தும் நிறைத் தராசும்: மாத்தளை மலையில் பிள்ளைகளைப் பரிசோதித்த கதை

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாத்தளைத் தோட்டங்களில் ஒரு புது வழக்கம் வந்தது. லயத்துக்கு லயம் ஆள் வந்து பெயர் எழுதினார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், வயது. எழுதி முடிந்ததும் ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா. அதில் மலத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து, புழு முட்டை தெரிந்தால் மருந்து. மருந்து குடித்து, பேதி போய், கொஞ்ச நாள் கழித்து மறுபடி டப்பா. மறுபடி பார்வை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆளை, அதுவும் கைப்பிள்ளை வரைக்கும், வீடு தேடி வந்து பரிசோதிப்பது அதுவரை இந்த மலைக்குத் தெரியாத விசயம். நோய் வந்து படுத்தால் டிஸ்பென்சரி, இன்னும் முற்றினால் ஆசுபத்திரி, அதற்கும் மேலே போனால் மயானம். அவ்வளவுதான் இருந்தது. இன்று கிளினிக் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நிறை பார்க்கிறோமே, ஊசி போடுகிறோமே, அதற்கு ஒரு கிளை வேர் இந்தத் தகர டப்பாவில்தான் இருக்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் வரலாறு பெரும்பாலும் இப்படியான இடங்களில்தான் கிடக்கிறது.

தேடி வந்த புழு கொழுக்கிப்புழு. மலத்தோடு வெளியே வருகிற முட்டை ஈர மண்ணில் பொரித்து, குடம்பியாகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நுரையீரல் வழியாகச் சுற்றிக் கடைசியில் குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். ஆளைக் கொல்லாது, சக்கையாக்கும். வெளுத்த கண், ஊதின வயிறு, மேடு ஏறினால் இளைப்பு. பெரியவர்களுக்கு வேலை ஓடாது. பிள்ளைகள் வளராது, படிப்பு ஏறாது. மழை, நிழல், ஈர மண், வெறுங்கால், கக்கூஸ் இல்லாத லயம்: இந்தப் புழுவுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. பரிசோதித்த தோட்டங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது.

நடத்தியது அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம். எண்ணெய்க் கம்பனிக் காசில் உருவான அந்த மன்றம், தன் நாட்டின் தென்பகுதியில் ராக்பெல்லர் காசில் 1909 முதல் நடந்த கொழுக்கிப்புழு ஒழிப்பின் அனுபவத்தோடு உலகம் முழுக்கக் கிளம்பியது. கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து துரைமாரோடும் அரசாங்கத்தோடும் பேசி வேலையைத் தொடங்கி வைத்தார். முதலில் எடுத்த மாவட்டம் மாத்தளை.

மாத்தளையை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு மலையைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். ரிவர்ஸ்டன் என்றால் இப்போது நமக்கெல்லாம் ஃபோட்டோ எடுக்கிற இடம். பனிமூட்டம், ஆளைத் தள்ளுகிற காற்று, உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம், தாண்டினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறுகிற அதே றோட்டுதான். ஆனால் அந்த றோட்டின் இருபுறமும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ரத்தோட்டைப் பக்கம் தேயிலை, ரப்பர், லயம், மாரியம்மன் கோயில். கம்மடுவ, ஒப்பல்கல என்று தோட்டம் தோட்டமாக நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் காலநிலையே மாறிவிடும். காய்ந்த பக்கம், வயல், சிங்களக் கிராமம். ஒரே மலை. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளையின் உடம்புக்குப் பொறுப்பு கம்பனி, அந்தப் பக்கத்துப் பிள்ளையின் உடம்புக்குப் பொறுப்பு அரசாங்கம். இந்தப் பிரிவு நம்முடைய கதையில் கடைசி வரைக்கும் வரும்.

மாத்தளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கியவர்கள் காட்டு வழியாக, தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் இதுதான். வாந்திபேதியும் காய்ச்சலும் அந்த வழி நெடுகிலும் ஆட்களைத் தின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை அந்த நடைப்பயணத்தின் நினைவோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அம்மை நோய்க்குரிய அம்மனே வாசலில் நிற்கிறாள். அப்போது இருந்த ஒரே சுகாதார உத்தியோகத்தர் அவள்தான் என்று நண்பன் ஒருவன் சொல்வான். நக்கல்தான், ஆனால் பெரிய பிழை இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1872இலேயே சட்டம் போட்டார்கள். 1912இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதம் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, தோட்டத்தில் இருக்கிற கைக்குழந்தைகளின் போசாக்கைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று அதில் இருந்தது. வாசித்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் கவனிக்க வேண்டியவரும் துரை, கவனித்தேன் என்று எழுதிக் கொடுக்கிறவரும் துரை. பிள்ளையை யாரும் தூக்கி நிறுத்துப் பார்க்கவில்லை.

நல்லா இருக்கிற பிள்ளையை ஏன் பரிசோதிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவிலேயே அப்போதுதான் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். பியர் புதேன் என்ற பிரசவ வைத்தியர் 1892இல் பாரிஸ் ஆசுபத்திரியில் பிறந்த குழந்தைகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு நிறை பார்க்கத் தொடங்கினார். நோய் வருவதற்கு முன்பே நிறை காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. அன்பான மனுசன்தான். ஆனால் அரசாங்கங்கள் அதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் வேறு. பிரான்சுக்குச் சனத்தொகை குறைகிறதே என்ற பயம். இங்கிலாந்தில் போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போனால் வந்தவர்களில் பெருந்தொகையானோர் உடல் தகுதி இல்லாதவர்கள். அதற்குப் பிறகுதான் 1906இல் பாடசாலைச் சாப்பாடு, 1907இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. பிள்ளை மேல் இருந்த பாசத்துக்குப் பக்கத்தில் சிப்பாய்க் கணக்கும் இருந்தது. நம்முடைய மலையில் அந்த இடத்தில் கொழுந்துக் கணக்கு. இரத்தம் இல்லாத கை கூடையை நிரப்பாது என்பது துரைக்கு நன்றாகவே விளங்கியது.

விளங்கியது பாதிதான். மருந்து கொடுக்கிறது ஒரு நாள் வேலை. காலையில் வெறும் வயிற்றில் எண்ணெய் வில்லை, பின்னால் பேதி உப்பு, முடிந்தது. ஆனால் மலம் மண்ணில் விழுகிற வரைக்கும் புழு திரும்பத் திரும்ப வரும். அதை நிறுத்த வேண்டுமானால் லயத்துக்கு லயம் மலசலகூடம் கட்ட வேண்டும். அங்கேதான் துரைமார் பின்வாங்கினார்கள். செலவு யாருடையது? கட்டினால் கூலிகள் பாவிப்பார்களா? புதிதாக வருகிறவர்கள் இந்தியாவிலிருந்தே புழுவோடு வந்தால் என்ன செய்வது? இப்படிப் பல கேள்வி. பின்னாட்களில் மண்டபம் முகாமிலேயே வைத்துப் புழு மருந்து கொடுத்து அனுப்பும் ஏற்பாடும் வந்தது. அதாவது, லயத்தை மாற்றுவதைவிட லயத்துக்கு வருகிற ஆளைக் கழுவி அனுப்புவது மலிவு. மருந்து குடித்த அதே பிள்ளைகள் கொஞ்ச மாதத்தில் மறுபடி புழுவோடு நின்றார்கள்.

ராக்பெல்லர் ஆட்களுக்கு இது ஒரு பாடமாகவே அமைந்தது. ஒரு நோயை மட்டும் பிடித்து, மருந்தை மட்டும் கொடுத்து, ஊரை அப்படியே விட்டால் ஒன்றும் நிற்காது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. ஒரு குறிப்பிட்ட பிரதேசம், அதற்கென்று ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள். கர்ப்பிணித் தாயை வீட்டில் போய்ப் பார்ப்பது, பிள்ளை பிறந்த பிறகு பார்ப்பது, கிளினிக் வைப்பது, பாடசாலையில் பிள்ளைகளைப் பார்ப்பது, மலசலகூடம் கட்டச் சொல்வது, பிறப்பு இறப்புக் கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ். இன்று நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் இருக்கிற எம்ஓஎச் காரியாலயம் என்ற அமைப்பின் தாய் இதுதான். உலகச் சுகாதாரத் துறையில் இலங்கையைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் அநேகமாக இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் எரிச்சல் வரும். தோட்டத்தில் பிழைத்துப் படித்த பாடத்தை, தோட்டத்துக்கு வெளியே நடைமுறைப்படுத்தினார்கள். டப்பாவில் மலம் கொடுத்தவர்கள் மாத்தளைத் தொழிலாளர்கள். மருத்துவிச்சி போய்ச் சேர்ந்தது களுத்துறைக் கிராமத்துக்கு.

பிறகு 1934-35 மலேரியா. மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 1935இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே போய்விட்டன. நான்கு பிள்ளை பிறந்தால் ஒன்று. அந்த அதிர்ச்சி அரசாங்கத்தை உலுக்கியது. சுகாதாரப் பிரிவுகள் பரவின, கிராமத்து ஆசுபத்திரிகள் வந்தன, 1946இலிருந்து டிடிடி அடித்தார்கள். 1946இல் 141 ஆக இருந்த குழந்தை இறப்பு, அடுத்த ஒரே ஆண்டில் 101 ஆனது, 1950இல் 82. உலகத்தில் அதிகம் நடக்காத வேகம் இது. டிடிடி மட்டும்தான் காரணமா, சாப்பாடும் மருத்துவிச்சியும் அதைவிடப் பெரிய காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கென்னவோ பால்மாவும் அரிசி மானியமும் மருத்துவிச்சியின் சைக்கிளும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் தோன்றுகிறது.

தோட்டங்கள்? உயரமான மலை என்பதால் மலேரியா இங்கே அவ்வளவு அடிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளையின் நிலை கிராமத்துப் பிள்ளையின் நிலையைவிடக் கேவலமாக இருக்கவில்லை. இடைவெளி விழுந்தது அதற்குப் பிறகுதான். கிராமம் வேகமாக இறங்க, தோட்டம் மெதுவாக இறங்கியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மாட்களை நாடற்றவர்களாக்கியது. ஓட்டு இல்லாதவரின் பிள்ளைக்கு மருத்துவிச்சி அனுப்ப எந்த அமைச்சருக்கு அவசரம்? 'அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு' என்ற ஒரு வசனம் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. இலவச சுகாதாரம் என்று நாம் பெருமையாகச் சொல்கிற அந்த ஆண்டுகளில், ரத்தோட்டை மலையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் போக வேண்டியது தோட்ட டிஸ்பென்சரிக்கு. ஒரு டிஸ்பென்சர், சில போத்தல், கணக்குப் புத்தகம்.

1973-74 பஞ்சம் இதன் விலையைக் காட்டியது. உலகச் சந்தையில் உணவு விலை ஏற, ரேஷன் வெட்டப்பட, தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. கண்டி, ஹட்டன் வீதிகளில் கையேந்தி நின்றவர்களைப் பற்றி நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். தேசிய சராசரி கொஞ்சம் ஏறியது. தோட்டத்து எண் பாய்ந்து ஏறியது. முதலில் போனது கைப்பிள்ளைகளும் கிழவர்களும். நாட்டில் திரிபோஷா தொடங்கியதும் 1973இல்தான். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அந்தப் பொதி இன்றும் கிளினிக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த பொதியை வீட்டில் நான்கு பிள்ளைகளும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டது எல்லா லயத்துக் கதையும்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரசாங்கச் சுகாதாரம் லயத்தின் வாசல்படி ஏறியது. 1978இல் விரிவாக்கிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இது வென்ற கதை. பிறந்தவுடன் காசநோய்க்கு, இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, கூடவே போலியோ, ஒன்பது மாதத்தில் சின்னமுத்து, பன்னிரண்டு மாதத்தில் ஜப்பான் மூளைக்காய்ச்சல். பத்து வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசி 2017இலிருந்து. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மறுபடி தலைகாட்டியபோது பிடித்தது பெரும்பாலும் ஊசி தவறியவர்களைத்தான். குடும்ப வாட்ஸப் குரூப்பில் "ஊசி போட்டா புள்ளைக்கு அது வரும், இது வரும்" என்று குரல் பதிவு அனுப்புகிற மாமாக்களுக்கு இந்த ஒரு வரியை மட்டும் அனுப்பி வையுங்கள். ஊசி விசயத்தில் தோட்டத்துத் தாய்மார் நாட்டில் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை.

அப்படியிருந்தும் தராசுத் தட்டில் பிள்ளை ஏறினால் கதை வேறு. 2016 குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டத்தில் 32 சதவீதத்துக்குக் கிட்ட. அதாவது மூன்றில் ஒன்று. ஊசி போகிற அதே றோட்டில் சாப்பாடு போகவில்லை.

இங்கே அந்த வளர்ச்சி வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம். பெண்பிள்ளைக்கு ரோஸ், ஆண்பிள்ளைக்கு நீலம் என்று கொடுக்கிற அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிற வளைகோடுகள் டேவிட் மோர்லி என்ற வைத்தியர் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் செய்த வேலையிலிருந்து உலகமெங்கும் பரவிய யோசனை. அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதில் புரட்சி. அதுவரை பிள்ளையின் கணக்கு ஆசுபத்திரிக்குச் சொந்தம். வரைபடத்தில் ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, போன மாதப் புள்ளியிலிருந்து கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். சின்னப் பிள்ளையாகப் பிறந்தும் கோட்டோடு ஏறுகிற பிள்ளைக்குப் பயமில்லை. பச்சைக்குள் இருந்துகொண்டே இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்துக் கிடந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. நிறையக் கிளினிக்குகளில் நிறை பார்க்கிறார்கள், புள்ளி வைக்கிறார்கள். இதைத் தாய்க்குச் சொல்வதில்லை. சொன்னாலும் சிங்களத்தில் சொன்னால்? தமிழ் தெரிந்த மருத்துவிச்சி இல்லாத இடத்தில் தாய் தலையாட்டிவிட்டு வருகிறாள், அவ்வளவுதான்.

பயமும் உண்டு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் காசு கொடுத்த காலத்தைத் தோட்டத்துப் பெண்கள் மறக்கவில்லை. பிள்ளைக்கு நிறை பார்க்கப் போன இடத்தில் 'போதும் புள்ள, ஒப்பரேஷன் செஞ்சுக்க' என்று கேட்டவளுக்குக் கிளினிக் எப்படி நூறு வீதம் நம்பிக்கையான இடமாகும்?

இன்னொன்று நேரம். காலையில் பெரட்டு, அதற்கு முன் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட வேண்டும். ஆறு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மசித்த சாப்பாடு கொடுங்கள் என்று போஸ்டர் சொல்கிறது. மலை உச்சியில் கொழுந்து எடுக்கிறவள் எத்தனை முறை இறங்கி ஏறுவாள்? இறங்கினால் கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர். கிளினிக் நாளும் அப்படித்தான். சில மடுவங்களில் ஆயாம்மாமார் தங்கமான வேலை செய்கிறார்கள், அதை யாரும் எழுதுவதில்லை. 2022 நெருக்கடியில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான திரிபோஷா நின்றபோது, கஞ்சியோ கடலையோ தேடி ஊட்டி ஒப்பேற்றியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

தராசு நிறுக்காத ஆபத்தும் நிறைய. ஒற்றை அறை லயத்தில் அடுப்பும் தொட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். சுடுதண்ணி, விறகுப் புகை, மூடாத தண்ணீர்ப் பீலி, தேயிலைக்கு அடிக்கிற மருந்துப் போத்தல். மழை பிடித்தால் பின்னாலிருந்து மண். 2025 நவம்பரில் தித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது அது எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தோம்.

பூச்சி மருந்து இன்றும் அந்தப் புத்தகத்தில் ஒரு பெட்டி. பேதி உப்பெல்லாம் கிடையாது, மென்று தின்னுகிற ஒரு குளிசை. அடுத்தமுறை ரிவர்ஸ்டன் ஏறுகிறவர்கள் ரத்தோட்டையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, தெரிந்த தோட்டத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: உங்க காலத்துல புள்ளைக்கு யாரு நிறை பார்த்தாங்க, டிஸ்பென்சர் யாரு, மடுவத்துல என்ன குடுத்தாங்க? வீட்டில் பழைய கிளினிக் அட்டை கிடந்தால் எறிய வேண்டாம். 1970கள், 80களின் தோட்டத்து அட்டைகள் கறையான் தின்னாமல் எங்கேயாவது ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். அம்மாக்கள் அதையெல்லாம் எறிவதில்லை.